பாஸ் சாகவில்லையா, டீம் சாகிறதா? அல்டிமேட் அலையன்ஸ் 3-க்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ் 3: தி பிளாக் ஆர்டர் 2019 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டும் வந்த ஆட்டம். டீம் நிஞ்சா உருவாக்கியது. நாலு ஹீரோக்களை ஒரே நேரத்தில் களத்தில் இறக்கி ஆடும் ஆக்‌ஷன் ஆர்பிஜி. பட்டனைக் குத்திக்கொண்டே போனால் போதும் என்று முதல் அத்தியாயத்தில் தோன்றும், அங்கே அது செல்லுபடியாகவும் செய்யும். அதன்பின் ஒரு பாஸ் (பெரிய தலைமை எதிரி) முன்னால் பத்து நிமிடம் குத்தியும் ரத்தக்கோடு அசையாமல் நிற்கும்போதுதான் ‘இது பக்-ஆ?’ என்ற சந்தேகம் வரும்.

பெரும்பாலும் பக், அதாவது நிரல் பிழை, இல்லை. இந்த ஆட்டம் தன் விதிகளைச் சின்ன எழுத்தில் ஒருமுறை காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். அதே நேரம், ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ள குறைகளும் சில உண்டு. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவை போகாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மூன்றாவது வகை மெஷின் கோளாறு. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அது எந்த வகை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம். ஆட்டத்தின் குறைக்கு உங்கள் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி: பாஸை எவ்வளவு அடித்தும் ரத்தம் குறைவதில்லை

ரத்தக்கோட்டுக்குக் கீழே ஊதா நிறத்தில் இன்னொரு கோடு இருக்கும். அதுதான் ஸ்டாகர் கேஜ். பாஸ்களுக்கும் பெரிய உருவ எதிரிகளுக்கும் இது உண்டு. இந்தக் கோடு நிறைந்திருக்கும்வரை எதிரி உங்கள் அடிக்கு அசைந்துகொடுக்க மாட்டான், ரத்தமும் சொட்டுச் சொட்டாகத்தான் குறையும். கோடு காலியானதும் தள்ளாடி நிற்பான். அந்தச் சில நொடிகளில் விழும் அடிதான் கணக்கில் வரும் அடி. பிறகு கேஜ் மறுபடி நிரம்பிவிடும், சுற்று முதலிலிருந்து தொடங்கும்.

எனவே ஒரு பாஸ் சண்டையை இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஊதாக்கோட்டை உடைப்பது முதல் வேலை, உடைந்த நேரத்தில் கொட்டித் தீர்ப்பது இரண்டாவது. பத்து நிமிடம் குத்தியும் சாகாத பாஸ் சண்டைகளில் எல்லாம் இந்த இரண்டும் தலைகீழாக நடந்திருக்கும். எக்ஸ்ட்ரீம் (அடிக்க அடிக்க நிரம்பும் உச்சத் தாக்குதல்) நிரம்பியதும் கை பொறுக்காமல் கேஜ் முழுதாக இருக்கும்போதே விட்டுவிடுவார்கள். கேஜ் உடைந்து பாஸ் தள்ளாடும்போது எபிலிட்டி (ஹீரோவின் சிறப்புத் தாக்குதல்) விடக் கையில் எனர்ஜி இருக்காது, லைட் அட்டாக்கில் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சுற்று எப்படிப் போக வேண்டும் என்று அருகில் வைத்துப் பார்ப்போம்.

1. பாஸ் ஒரு பெரிய அடிக்கு ஆயத்தமாகிறான். இப்போது அடிக்காதீர்கள், விலகுங்கள். கேஜ் இருக்கும்வரை உங்கள் அடி அவன் அடியைத் தடுக்காது.
2. அவன் அடி முடிந்து நிமிரும் இடைவெளியில் ஹெவி அட்டாக் ஒன்றிரண்டு. லைட் அட்டாக்கைவிட ஹெவி அட்டாக் ஊதாக்கோட்டை வேகமாகக் கரைக்கும்.
3. பக்கத்தில் ஒரு டீம்மேட் ஏதாவது எபிலிட்டி விடுவதைப் பார்த்தால், பொருந்துகிற உங்கள் எபிலிட்டியை அதே நேரத்தில் சேர்த்து சினர்ஜி ஆக்குங்கள். கேஜை உடைக்க இதைவிட நல்ல கருவி இந்த ஆட்டத்தில் கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம் தனித்தனியாக அடிப்பதைவிட இரண்டு பேர் சேர்ந்து ஒரு சினர்ஜி விடுவது கேஜில் பெரிய ஓட்டை போடும்.
4. கேஜ் உடைந்தது. இப்போதுதான் உங்களிடம் உள்ளதிலேயே சேதம் அதிகம் தரும் எபிலிட்டி. எக்ஸ்ட்ரீம் நிரம்பியிருந்தால் எல்-ஐயும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டிய தருணம் இதுதான். மற்றவர்களுக்கும் நிரம்பியிருந்தால் அவர்களும் அதே எக்ஸ்ட்ரீமில் சேர்ந்துகொள்ளலாம். நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்தால் சண்டையின் போக்கே மாறும்.
5. கேஜ் திரும்ப நிரம்பியதும் பின்வாங்கி முதல் படிக்கு வாருங்கள்.

இப்படி ஆடியும் குறையவில்லை என்றால் எபிலிட்டி வகையைப் பாருங்கள். ஹீரோக்களுக்கு ஆறு பண்புகள் உண்டு: ஸ்ட்ரெங்த், டியூரபிலிட்டி, மாஸ்டரி, ரெசிலியன்ஸ், வைட்டாலிட்டி, எனர்ஜி. கைகலப்பு அடியின் வலுவை ஸ்ட்ரெங்த் தீர்மானிக்கும், கதிர், மின்னல், மாயம் போன்றவற்றின் வலுவை மாஸ்டரி தீர்மானிக்கும். ஸ்கார்லெட் விட்ச்சுக்கு ஸ்ட்ரெங்த் ஏற்றிக்கொண்டே போனாலோ ஹல்க்குக்கு மாஸ்டரி போனஸ் தரும் டீம் அமைத்தாலோ எண் ஏறும், அடி ஏறாது.

அறிகுறி: சரியான நேரத்தில் எனர்ஜி காலி

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. நாலு எபிலிட்டியும் கையில் இருக்கிறதே என்று வரிசையாக விட்டால், கேஜ் உடையும் நேரத்தில் எனர்ஜியைக் காட்டும் நீலக்கோடு காய்ந்திருக்கும். சாதாரண அடியாள்களுக்கு எபிலிட்டி செலவழிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். கூட்டமாக வந்தால் அகலமாக அடிக்கும் ஒரே ஒரு எபிலிட்டி போதும், மீதியை லைட்டும் ஹெவியும் பார்த்துக்கொள்ளும். விழும் எதிரிகளிடமிருந்தும் உடையும் பெட்டி, பீப்பாய்களிலிருந்தும் உருண்டைகள் சிதறும். பாஸ் அறைக்குள் நுழையுமுன் வழியில் உள்ளவற்றை உடைத்துக்கொண்டே போனால் முழுக்கோட்டோடு உள்ளே போகலாம்.

இன்னொரு வழி, கட்டுப்பாட்டை மாற்றிக்கொள்வது. நீங்கள் பிடித்திருக்கும் ஹீரோவுக்கு எனர்ஜி தீர்ந்தால் மற்ற மூன்று பேருக்கும் தீர்ந்திருக்கும் என்றில்லை. திசைப் பட்டனால் ஆள் மாறி, நிறைந்திருப்பவரை எடுத்து அடியுங்கள். ஒரே ஹீரோவைக் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பவர்கள் ஆட்டத்தின் பாதி பலத்தைப் பயன்படுத்தாமலே முடிக்கிறார்கள். டீம் ஆட்டத்தின் அசல் லாபம் இங்கேதான் இருக்கிறது.

ஐசோ-8 கற்கள் (ஹீரோவுக்குப் பொருத்தி பலம் கூட்டுபவை) கதையில் சற்றுப் பின்னால்தான் திறக்கும். திறந்தபின் எனர்ஜி செலவைக் குறைக்கும் கல் கிடைத்தால், அதிகம் எபிலிட்டி விடும் ஹீரோவுக்கு அதை முதலில் போடுங்கள். அடி ஏற்றும் கல் பிறகு.

அறிகுறி: சினர்ஜி வரவே மாட்டேன் என்கிறது

ஒவ்வொரு எபிலிட்டிக்கும் வகை உண்டு. அந்த வகைகள் பொருந்தினால்தான் சினர்ஜி. இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் மட்டும் வராது. ஹீரோ மெனுவில் எபிலிட்டி விவரத்தைத் திறந்து, நாலு பேரில் எந்த எபிலிட்டி எதோடு சேர்கிறது என்று ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி தெரிந்தாலே போதும், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

2009-ல் வந்த இரண்டாம் பாகத்தை ஆடியவர்கள் இங்கே தடுமாறுவது சகஜம். அதில் ஃப்யூஷன் என்று ஒன்று இருந்தது. எந்த இரண்டு ஹீரோவையும் சேர்க்கலாம், கூட்டத்தை ஒழிக்க, ஒரே எதிரியைக் குறிவைக்க, ஓட்டிக்கொண்டே போய் அடிக்க என்று மூன்று தினுசாக அது இருக்கும், தனிக் கேஜும் உண்டு. சினர்ஜி அதைவிட இலகுவானது, அடிக்கடி விடக்கூடியது. பதிலுக்குப் பொருத்தம் பார்க்கும். ஃப்யூஷன் மாதிரி சேர்த்து வைத்துக் காத்திருந்தால் சினர்ஜியை வீணடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அறிகுறி: டீம்மேட்டுகள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள்

கணினி ஓட்டும் மூன்று பேர் அடிப்பதில் மோசமில்லை, எபிலிட்டியும் விடுவார்கள். விலகுவதில்தான் கோட்டை விடுவார்கள். தரையில் பெரிய தாக்குதலின் குறி விழுந்திருக்கும்போது நடுவில் நின்று அடித்துக்கொண்டிருப்பார்கள், கதிர் சுழலும் அறையில் கதிருக்குள்ளேயே நடப்பார்கள். இது ஆட்டத்தின் குறை, முழுதாகத் தீர்க்க வழியில்லை.

குறைக்க வழி உண்டு. பாஸுக்கு மிக அருகில் நின்று அடிக்கும் நாலு பேரை ஒரே டீமில் போடாதீர்கள். தூரத்திலிருந்து அடிக்கும் ஹாக்ஐ, ஐயன் மேன், ஸ்டார்-லார்ட் போன்றவர்கள் இரண்டு பேராவது இருந்தால் ஒரே அடியில் நாலு பேரும் விழும் ஆபத்து குறையும். அருகில் நின்றே ஆக வேண்டியவரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். விலகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே.

விழுந்தவரை எழுப்பும் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எழுப்புவதற்கு எண்ணிக்கை உண்டு. அது தீர்ந்தபின் விழுபவர் அடுத்த ஷீல்ட் பாயின்ட் (வழியில் வரும் சேமிப்பு நிலையம்) வரும்வரை எழ மாட்டார். தவிர, எழுப்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடிவாங்கினால் இரண்டு பேருக்கும் சிக்கல். பாஸின் பெரிய அடி முடிந்த இடைவெளியில் எழுப்புங்கள், அல்லது கேஜ் உடைந்து அவன் தள்ளாடும்போது ஓடிப்போய் எழுப்புங்கள். அந்த நேரத்தில் அடிக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். இரண்டு பேர் கீழே கிடந்தால் எழுப்புவதே லாபம்.

அறிகுறி: திரையில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை

இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான், இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. நாலு ஹீரோ, இருபது எதிரி, எல்லோர் கையிலும் ஒளி, வெடி, மின்னல். கேமரா சுவரோரம் போனால் சுவரையே காட்டும். குறுகிய தாழ்வாரங்களில் பெரிய எதிரியின் முதுகு மட்டும் தெரியும். கையில் வைத்து ஆடும்போது சின்னத் திரையில் இன்னும் மோசம்.

செய்யக்கூடியவை சில உண்டு. தொலைந்துவிட்டால் தாவுங்கள். கூட்டத்துக்கு மேலே எழும் உருவம் எது என்று உடனே தெரியும். தாவினாலும் தெரியவில்லை என்றால், அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு திசையில் ஓடுங்கள். ஓடுகிற ஒரே உருவம் நீங்கள்தான். பறக்கும் ஹீரோவைப் பிடித்திருந்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும்.

செட்டிங்ஸில் கேமராவுக்கு ஸ்டாண்டர்ட், ஹீரோயிக் என்று இரண்டு வகை உண்டு. ஹீரோயிக் முதுகுக்குப் பக்கத்தில் வரும், படம் அழகாக இருக்கும், பக்கவாட்டில் வருபவன் தெரிய மாட்டான். தனியாக ஆடும்போது, ஒற்றை பாஸ் சண்டைக்கு ஹீரோயிக் நன்றாக இருக்கும். கூட்டச் சண்டைக்கு ஸ்டாண்டர்டில் வைப்பதே புத்திசாலித்தனம். ஒரே திரையில் மூன்று நாலு பேர் ஆடும்போது கேமரா எல்லோரையும் சட்டத்துக்குள் வைக்கப் பார்க்கும். ஒருவர் முன்னே ஓடினால் மற்றவர்கள் இழுபடுவார்கள். ‘யார் முன்னால் போவது’ என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொண்டால் பாதிச் சண்டை, அதாவது சோபாவில் நடக்கும் சண்டை, மிச்சம்.

பெரிய பாஸை அறையின் நடுவுக்கு இழுத்து வாருங்கள். மூலையில் வைத்து அடிப்பது வசதியாகத் தோன்றும், கேமரா அங்கேதான் குருடாகும்.

அறிகுறி: ஆசைப்பட்ட ஹீரோ கிடைத்தார், ஆனால் இரண்டு அடியில் விழுகிறார்

இந்த ஆட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது இங்கேதான். வெளியான நாளிலேயே ஆடக்கூடிய ஹீரோக்கள் 30-க்கு மேல். கதையில் ஒவ்வொரு அத்தியாயத்திலும் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். ஆசைக்கு மாற்றி மாற்றி ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, ஆட்டமே அதற்குத் தண்டனையும் வைத்திருக்கிறது: களத்தில் இல்லாதவருக்கு எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கிடையாது. நாலு பேரை மட்டும் வைத்து ஆடினால் அவர்கள் ஏறிக்கொண்டே போவார்கள். பெஞ்சில் இருப்பவர் சேர்ந்த நாளின் லெவலிலேயே உட்கார்ந்திருப்பார். ஐந்து அத்தியாயம் கழித்து அவரை எடுத்தால் வேறென்ன நடக்கும்?

மருந்து எக்ஸ்பி க்யூப். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவு வாரியாகக் கிடைக்கும், வேண்டிய ஹீரோவுக்கு மெனுவிலிருந்தே ஊட்டலாம். இதில் செய்யும் தவறு, கிடைத்த க்யூபை எல்லாம் ஏற்கெனவே முன்னணியில் இருப்பவருக்கே கொடுப்பது. அவர் சண்டையிலேயே ஏறிவிடுவார். லெவல் ஏற ஏற அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியும் கூடும். அதே க்யூப் பின்தங்கியவருக்குப் பல லெவலும் முன்னணிக்கு ஒரு துண்டும்தான் தரும். பெஞ்சில் இருப்பவருக்கென்றே சேர்த்து வையுங்கள்.

க்யூபுக்கு முக்கிய ஊற்று இன்ஃபினிட்டி ரிஃப்ட் சோதனைகள், அதாவது கதைக்கு வெளியே உள்ள தனிச் சவால்கள். உங்கள் டீமுக்கு எளிதான, சீக்கிரம் முடியும் ஒரு சோதனையைத் தேர்ந்து, பின்தங்கிய ஒருவரை நாலாவது ஆளாக வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். சண்டை எக்ஸ்பி, க்யூப் இரண்டும் கிடைக்கும். மூன்று பேர் வலுவாக இருந்தால் ஒருவர் சுமையாக இருந்தாலும் தாங்கும், இரண்டு பேர் என்றால் தாங்காது. சலிப்பான வேலைதான். அதை மறைப்பதில் பயனில்லை.

தவிர்க்க வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்தே நாலு பேருக்குப் பதிலாக ஆறேழு பேரைச் சுழற்றி ஆடுங்கள். ஒவ்வொரு ஷீல்ட் பாயின்ட்டிலும் டீமை மாற்ற முடியும். லெவலில் மிகவும் பின்தங்கியவர் யார் என்று பார்த்து அவரை உள்ளே எடுப்பது இரண்டு நிமிட வேலை. எல்லோரையும் சமமாக வளர்க்கப் பார்த்தால் எல்லோரும் அரைகுறையாக நிற்பார்கள். ஆறேழுக்கு மேல் போகாதீர்கள்.

அறிகுறி: தனித்தனியாக எல்லோரும் வலு, சேர்ந்தால் சோகை

டீம் போனஸைப் பார்க்காமல் அமைத்த டீமாக இருக்கும். ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு பண்பு ஏறும், மூன்று, நாலு என்று போகப் போக இன்னும் ஏறும். ஸ்டார்-லார்ட், கமோரா, ட்ராக்ஸ், ராக்கெட்டும் க்ரூட்டும் என்று போட்டால் கார்டியன்ஸ் முழுதாகிவிடும். ராக்கெட்டும் க்ரூட்டும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள், இடம் போதாதே என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒருவர் பல கூட்டங்களில் இருக்கலாம் என்பது பலரும் தவறவிடும் விஷயம். நாலு பேரும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டிரண்டு பேராக மூன்று போனஸ் விழும் டீம், நாலு பேருக்கு ஒரே போனஸ் விழும் டீமை மிஞ்சுவது உண்டு. டீம் அமைக்கும் திரையில் போனஸ் பட்டியல் தெரியும். நாலாவது ஆளை மாற்றி மாற்றி வைத்து, எந்தெந்தப் பண்பு ஏறுகிறது என்று பாருங்கள். ஏறும் பண்பு அந்த நாலு பேருக்கும் உதவுகிறதா என்பதே கேள்வி. மாஸ்டரி ஏறுகிறது, டீமில் மூன்று பேர் முஷ்டியால் அடிப்பவர்கள் என்றால் அந்த போனஸ் அலங்காரத்துக்குத்தான்.

அறிகுறி: கிரெடிட் எப்போதும் பற்றாக்குறை

கிரெடிட்டை (ஆட்டத்துக்குள் புழங்கும் பணம்) மூன்று வாய் தின்கிறது: எபிலிட்டி ஏற்றுவது, லேப், ஐசோ-8. மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் எதிலும் பலன் தெரியாது. முதலில் லேப். அங்கே வாங்கும் மேம்பாடு எல்லா ஹீரோக்களுக்கும் சேரும், பெஞ்சில் இருப்பவர் உட்பட. பின்னால் கிடைக்கப் போகும் ஹீரோவுக்கும் இன்றைக்குப் போட்ட காசு வேலை செய்யும். அடுத்தது நிரந்தரமாக ஆடும் ஹீரோக்களின் எபிலிட்டி. அதிலும் நாலு எபிலிட்டியையும் சமமாக ஏற்றாமல், கேஜ் உடைக்க ஒன்று, உடைந்தபின் கொட்ட ஒன்று என்று இரண்டை மட்டும் ஏற்றுங்கள். எபிலிட்டி ஏற்ற கிரெடிட்டோடு எபிலிட்டி ஆர்ப்-பும் வேண்டும். ஆர்ப் தீர்ந்துபோய் நிற்பவர்கள்தான் அதிகம்.

ஐசோ-8 கடைசி. ஆரம்பத்தில் கிடைக்கும் கற்களை மேம்படுத்தாதீர்கள். சில அத்தியாயம் கழித்து அதைவிட நல்லது தானாகவே விழும். பழையவற்றை உடைத்துத் துகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள், கதை முடிந்தபின் கடினமான மட்டத்தில் ஆடும்போது அத்தனையும் தேவைப்படும்.

அறிகுறி: ரிஃப்ட் சோதனை ஒன்றைத் தாண்டவே முடியவில்லை

நுழையுமுன் காட்டும் பரிந்துரை லெவலைப் பாருங்கள். கதையில் ஒரு ரிஃப்ட்டைக் கண்டுபிடித்தால் அதை அப்போதே முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல சோதனைகள் நீங்கள் இருக்கும் அத்தியாயத்தைவிட மிக உயர்ந்த லெவலுக்கானவை. விட்டுவிட்டுப் போய், ஏறியபின் திரும்புங்கள்.

லெவல் சரியாக இருந்தும் தோற்கிறீர்கள் என்றால் சோதனையின் நிபந்தனையைப் படிக்கவில்லை. நேர வரம்பு, குறிப்பிட்ட வகை அடி மட்டும் பலிப்பது போன்ற விதிகள் இருக்கும். கதையில் ஆடும் டீமையே அங்கேயும் இழுத்துக்கொண்டு போகாமல், அந்த நிபந்தனைக்கென்று டீம் மாற்றுங்கள். நேர வரம்புச் சோதனையில் நட்சத்திரம் குறைந்தால், பெரும்பாலும் கடைசியில் எஞ்சும் இரண்டு மூன்று அடியாள்களைத் துரத்துவதில் நேரம் போயிருக்கும். அகலமாக அடிப்பவர், தூரத்தில் அடிப்பவர் தலா ஒருவர் இருந்தால் அந்த நேரம் மிச்சமாகும்.

அறிகுறி: ஹீரோ பட்டியலில் ஆள் குறைகிறது

லோகி, எலெக்ட்ரா, மேக்னீட்டோ, தானோஸ் ஆகியோர் கதையில் தாமாகச் சேர மாட்டார்கள். ரிஃப்ட் சோதனைகளில் வென்றுதான் எடுக்க வேண்டும். தானோஸுக்கு எல்லாம் உங்கள் டீம் நன்றாக ஏறியபின்தான் ஆசைப்படலாம்.

சைக்ளாப்ஸும் கொலோசஸும் 2019 ஆகஸ்ட் இறுதியில் இலவச அப்டேட்டாக வந்தவர்கள். கார்ட்ரிட்ஜைப் போட்டு இணையத்தோடு இணைக்காமலே ஆடினால் அவர்கள் இருக்க மாட்டார்கள். பிளேட், பனிஷர், மூன் நைட், மோர்பியஸ் முதல் கட்டணத் தொகுப்பில் வந்தவர்கள், பீனிக்ஸ், கேம்பிட், ஐஸ்மேன், கேபிள் இரண்டாவதில், ஃபென்டாஸ்டிக் ஃபோர் மூன்றாவதில். வாங்கியும் காணவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஆட்டம் அப்டேட் ஆகாமல் இருக்கும், அல்லது கார்ட்ரிட்ஜ் ஒரு பிராந்தியத்துடையது, வாங்கிய தொகுப்பு இன்னொரு பிராந்தியக் கடையுடையது. இரண்டாவது என்றால் மெஷினில் செய்ய எதுவும் இல்லை. வாங்குமுன்பே கார்ட்ரிட்ஜின் பிராந்தியத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்டேட் பார்க்க: ஹோம் திரையில் ஆட்டத்தின் படத்தில் நின்று பிளஸ் பட்டன், பிறகு சாஃப்ட்வேர் அப்டேட், வயா தி இன்டர்நெட்.

அறிகுறி: கூட்டம் சேர்ந்தால் படம் திணறுகிறது

ஓரளவு இது ஆட்டத்தின் இயல்பு. நாலு பேரும் ஒரே நேரத்தில் எபிலிட்டி விட்டால் ஃப்ரேம் இறங்கத்தான் செய்யும். டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) வைத்து ஆடினால் படம் தெளிவாக இருக்கும், கூட்டத்தில் கண்ணுக்கு இதம்.

வெறும் நடையிலேயே திணறினாலோ, ஏற்றும் திரையில் நின்றுபோனாலோ மெஷினைப் பாருங்கள். பல நாளாக ஸ்லீப்பிலேயே வைத்திருந்தால் பவர் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்து, பவர் ஆப்ஷன்ஸில் ரீஸ்டார்ட் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் ஆட்டத்தின் படத்தில் பிளஸ், மேனேஜ் சாஃப்ட்வேர், செக் ஃபார் கரப்ட் டேட்டா. இது சேவ் டேட்டாவை, அதாவது இதுவரை ஆடியதன் பதிவை, தொடாது. டவுன்லோட் வாங்கிய ஆட்டம் மைக்ரோஎஸ்டியில் இருந்தால், அழித்துவிட்டு மெஷினின் உள் நினைவகத்திலேயே மறுபடி இறக்கிப் பாருங்கள். சேவ் எப்போதும் உள் நினைவகத்தில்தான் இருக்கும், ஆட்டத்தை அழித்தாலும் சேவ் போகாது. ‘டிலீட் சேவ் டேட்டா’ என்பது வேறு மெனுவில் உள்ள வேறு கட்டளை. அதன் பக்கம் போகாதீர்கள்.

அறிகுறி: நண்பரோடு சேர முடியவில்லை

பக்கத்தில் இருந்து ஆளுக்கொரு மெஷினில் ஆடுகிறீர்களா? ஒவ்வொருவரிடமும் ஆட்டத்தின் ஒரு பிரதி வேண்டும், எல்லோர் மெஷினிலும் ஒரே வெர்ஷன் இருக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் வெர்ஷன் வேறுபட்டால் வழி உண்டு: பிளஸ், சாஃப்ட்வேர் அப்டேட், மேட்ச் வெர்ஷன் வித் லோக்கல் யூசர்ஸ். புதிய வெர்ஷன் உள்ள மெஷினிலிருந்து மற்றது வாங்கிக்கொள்ளும்.

ஆன்லைன் என்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும். சந்தா இருந்தும் அறைக்குள் சேரும்போதே அறுபட்டால் சிஸ்டம் செட்டிங்ஸில் இன்டர்நெட், டெஸ்ட் கனெக்‌ஷன் போட்டுப் பாருங்கள். முடிவில் என்ஏடி டைப் (இணைப்பு எவ்வளவு எளிதாகும் என்று காட்டும் எழுத்து) ஏ, பி வந்தால் பிரச்சினை உங்கள் பக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. டி வந்தால் ரவுட்டரில் யூபிஎன்பி (தேவையான வழியைத் தானாகத் திறக்கும் அமைப்பு) இயங்குகிறதா என்று பார்த்து, ரவுட்டரையும் மெஷினையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் டி வருவது சகஜம். அதற்கு மெஷினில் மருந்தில்லை, வேறு இணைப்புக்குத்தான் மாற வேண்டும்.

அறிகுறி: ஹீரோ தானாக நடக்கிறார்

ஜாய்-கான் ட்ரிஃப்ட், அதாவது தொடாமலே கண்ட்ரோலரின் ஸ்டிக் நகர்வதாக மெஷின் உணர்வது. சிஸ்டம் செட்டிங்ஸ், கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், காலிபரேட் கண்ட்ரோல் ஸ்டிக்ஸ். ஸ்டிக்கை அழுத்தினால் திரையில் வட்டம் வரும். கையை எடுத்தபின்னும் புள்ளி நடுவில் நிற்கவில்லை என்றால் காலிபரேட் செய்யுங்கள், அதே மெனுவில் அப்டேட் கண்ட்ரோலர்ஸையும் கொடுங்கள். மறுநாளே திரும்பினால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

நாலு பேர் ஒற்றை ஜாய்-கானைப் பக்கவாட்டில் பிடித்து ஆடும்போது இன்னொரு புகார் வரும்: எபிலிட்டி விடப் போய் வேறு எதுவோ நடக்கிறது என்று. ஜாய்-கானின் விளிம்பில் உள்ள சின்ன எஸ்எல், எஸ்ஆர் பட்டன்கள் அப்போது தோள் பட்டன் வேலையைச் செய்யும், பெரிய கைக்கு அவை அகப்படவே அகப்படாது. மெஷினோடு வந்த ஸ்ட்ராப்பை மாட்டுங்கள். அதில் உள்ள புடைத்த பட்டன்கள் அந்தச் சின்னவற்றின் மேல் உட்காரும். மாட்டும்போது ஸ்ட்ராப்பின் பிளஸ், மைனஸ் குறி ஜாய்-கானின் குறியோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றித் தள்ளினால் இறுகிக்கொண்டு வெளியே வராது.